மண்டபத்துக் கடற்கரையில் ஒரு காமிக்ஸ் கிறுக்கரின் தனிநபர் நாடகம் எடுபடுமா?

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தைச் சொந்த ஊராகக் கொண்டு சென்னையில் கணினி வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சிறுவயதில் காமிக்ஸ், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு, தமிழில் பேசிய கார்ட்டூன்கள் என்று கிறுக்குப் பிடித்து அலைந்த கதையை ஒரு மணி நேரத் தனிநபர் நகைச்சுவை நாடகமாக எழுதி வருகிறீர்கள். தாய்மாமன் விட்டுச்சென்ற தகரப் பெட்டி நிறைய இருந்த பழைய காமிக்ஸ்தான் தொடக்கம். அதன்பின் புது இதழ் வாங்கக் காசு கொடுத்தவர், அப்போது கடற்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்த உங்கள் அம்மா. நாடகத்தில் 20 நிமிடத்தைச் சென்னையில் ஒரு சிறிய அரங்கில் நடித்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதையே மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்குக் கொண்டுவந்து, அம்மாவும் சித்தப்பாமாரும் தெருக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது நடித்தால் எடுபடுமா, எடுபட வேண்டுமானால் எதை மாற்ற வேண்டும் என்பது கேள்வி.

எடுபடும். ஆனால் சென்னையில் சிரிப்பு வந்த இடங்களில் பெரும்பாலானவை இங்கே சத்தமில்லாமல் கடந்துபோகும். அங்கே யாரும் சிரிக்காத இரண்டு மூன்று இடங்களில்தான் இங்கே கூட்டம் உங்களைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய காணொளிப் பதிவை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 27 முறை சிரிப்பு எழுந்தது. அவற்றில் 19 முறை, நீங்கள் ஒரு பெயரைச் சொன்ன கணத்திலேயே எழுந்தது. இயந்திர மனிதன் ஆர்ச்சி என்றீர்கள், சிரித்தார்கள். ஸ்பைடர் என்றீர்கள், சிரித்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த வட்ட அட்டையைச் சொன்னீர்கள், கைதட்டினார்கள். அது உங்கள் நகைச்சுவைக்கு விழுந்த கைதட்டு அன்று. ‘எனக்கும் தெரியும்’ என்று கூட்டம் தனக்குத்தானே தட்டிக்கொண்டது. மண்டபத்தில் அந்தப் பெயர்களைச் சொன்னால், நான்கு பேர் சிரிப்பார்கள். மற்றவர்கள் அந்த நான்கு பேரையும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த வகை நாடகத்துக்கு வெளிநாட்டில் நல்ல மரபு உண்டு. எடின்பரோவில் 1947இல் தொடங்கிய ஃப்ரின்ஜ் விழாவில் ஒரு மணி நேரத் தனிநபர் நாடகங்கள் இன்று ஏராளமாக நடக்கின்றன. கனடா நடிகர் சார்லஸ் ராஸ், ஸ்டார் வார்ஸ் வரிசையில் முதலில் வெளிவந்த மூன்று படங்களையும், பாத்திரங்களும் விண்கலச் சண்டையும் பின்னணி இசையும் உட்பட, தன் உடலையும் குரலையும் மட்டும் வைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நடித்துக் காட்டிப் பெயர் பெற்றவர். அந்த வித்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூலப் படத்தைப் பத்து முறை பார்த்துவிட்டு வரும் கூட்டத்தை நம்பி நிற்பது அது. நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் மூலத்தை அறிந்தவர் உங்களையும் அந்த நான்கு பேரையும் தவிர யாருமில்லை. ஆகவே நீங்கள் நேசித்த பொருளை நடித்துக் காட்டுவதில் பயனில்லை. அதற்காக ஏங்கிய பையனை நடித்துக் காட்டுங்கள். பொருளைத் தெரியாதவர் உண்டு. ஏங்கத் தெரியாதவர் நம் ஊரில் யாரும் இல்லை.

அதிலும் இரசிகன் என்றால் யார் என்று நம் மக்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. முதல் நாள் முதல் காட்சிக்காக விசைப்படகை ஒரு நாள் கரையில் போட்டவர்களும், நடிகரின் பிறந்தநாளுக்கு ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியவர்களும் உங்கள் முன்வரிசையிலேயே இருப்பார்கள். நீங்களும் அந்தச் சாதிதான். வேறுபாடு, உங்கள் தலைவன் யாரென்று ஊருக்குத் தெரியாது, உங்கள் மன்றத்தில் உறுப்பினர் நீங்கள் ஒருவர் மட்டுமே. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் தானே ஆகி, தனக்குத்தானே அடையாள அட்டை எழுதிக்கொண்ட பத்து வயதுப் பையன் மேடைக்கு வந்தால், பெயர் ஒன்றும் சொல்லாமலேயே அவனை எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நான் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வளர்ந்தவன், உங்களுக்கு ஏறக்குறைய இருபது வயது மூத்தவன்; ஆகையால் ஏக்கத்தின் அந்தக் காலத்து வடிவத்தைச் சொல்ல முடியும். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை எங்கள் தீவுக்கு நிலவழித் தொடர்பு 1914இல் கட்டிய இரயில் பாலம் ஒன்றுதான். காமிக்ஸ் கட்டும் இரயிலில்தான் வர வேண்டும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் வண்டியை விடமாட்டார்கள். ‘தொடரும்’ என்று போட்ட கதையில் நாயகன் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருப்பான். இங்கே காற்று அடித்துக்கொண்டிருக்கும். நான் பெட்டிக்கடை வாசலில் நின்று கடலைத் திட்டிக்கொண்டிருப்பேன். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில், புத்தகம் வராததற்காகக் கடலைத் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதைக் கேட்டுச் சிரிக்க, அந்த நாயகனின் பெயரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் காலத்து ஏக்கத்துக்கு என்ன வடிவம் இருந்தது என்று நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும்.

வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது வேறு, மேடையில் கொட்டுவது வேறு. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. அது வேலியண்ட் என்ற ஆங்கிலச் சிறுவர் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. இவை அனைத்தும் உங்கள் பிரதியின் முதல் நான்கு பக்கங்களில் இருக்கின்றன. நான்கு பக்கங்களையும் அடித்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: “கரண்டு புடிச்சா ஆளு மறைஞ்சிருவான், இரும்புக் கை மட்டும் தெரியும்.” கூட்டத்துக்குத் தேவையான காமிக்ஸ் அறிவு இவ்வளவுதான்.

தனி ஒருவர் நின்று தன் அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கவைப்பது நம் பகுதிக்குப் புதிது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியன்று. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், வள்ளியும் முருகனும் வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்துவிடுவார். ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் வம்புக்கு இழுத்தபடி, தான் வழியில் வந்த கதை, பெண் பார்த்த கதை, அடிவாங்கிய கதை என்று தனியாளாகவே நின்று கூட்டத்தைக் கட்டி வைப்பார். நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைக்கும் முறை என்பதால் ஒத்திகை கிடையாது. கூட்டத்தின் முகமே அவருக்கு ஒத்திகை. நீங்கள் பார்க்க வேண்டிய பாடம் இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பதிவுகளில் இருப்பதைவிட இதில் அதிகம் இருக்கிறது. ஒரு பபூன் மேடையேறி முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனித்து வாருங்கள். தன்னைவிடத் தாழ்ந்தவன் இந்தப் பந்தலில் இல்லை என்று முதலில் நிறுவிவிட்டுத்தான் அடுத்தவரைக் கிண்டல் செய்யத் தொடங்குவார்.

இன்னொன்று இன்னும் பழையது. உங்கள் நாடகத்துக்கு அதைவிட நெருக்கமானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்று ஒரு சிற்றிலக்கிய வகை தழைத்திருந்தது. (அந்தச் சொல்லை இன்று ஒரு மனிதரைக் குறிக்க நாம் பயன்படுத்துவதில்லை, நூல்வகையின் பெயர் என்பதால் எழுதுகிறேன்.) ஒற்றைக் காலில் ஆடியபடி ஒருவன் வந்து, தான் எப்படி ஊதாரியாகத் திரிந்தான், யாரிடம் மயங்கிப் பொருளை இழந்தான், குதிரை திருடப் போய் எப்படிக் காலை இழந்தான், பிறகு யாரால் மீண்டான் என்று முழுக்கதையையும் தன் வாயாலேயே, நொண்டிச் சிந்தில் பாடி ஆடிச் சொல்வான். அந்த வகையில் புகழ்பெற்ற நூல்களில் ஒன்று சீதக்காதி நொண்டி நாடகம். நம் கீழக்கரை வள்ளலைப் புரவலராகக் கொண்டது. சிறுவயதுப் பித்து, அதனால் பட்ட அடி, அதைப் பின்னாளில் சிரித்தபடி சபையில் ஒப்புக்கொள்வது என்ற அச்சு அப்படியே உங்களுடையது.

அதன் அமைப்பில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவன் மேடைக்கு வரும்போதே ஒற்றைக் காலோடு வருகிறான். சபைக்கு முதல் நொடியிலேயே ‘இவனுக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதன்பின் அவன் எவ்வளவு சுற்றி வளைத்தாலும் பொறுத்துக் கேட்கும். நீங்களோ, நல்ல சட்டை போட்ட, வேலையில் இருக்கிற, ஒரு குறையும் இல்லாத ஆளாக வந்து நின்று, ‘என் சின்ன வயசுல...’ என்று ஆரம்பிக்கிறீர்கள். கேட்பவருக்கு அதில் என்ன கவலை? இந்தக் கிறுக்கினால் உங்களுக்கு என்ன போயிற்று என்பதை முதலில் காட்டுங்கள். பதினேழாம் நிமிடத்தில் போகிறபோக்கில் சொல்கிறீர்களே, மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதாவது கோளாறா என்று உங்கள் சித்தப்பாவைத் தனியே அழைத்துக் கேட்டார்கள் என்று. நாடகம் அங்கே தொடங்க வேண்டும்.

இப்போது அந்த மீன் காட்சிக்கு வருகிறேன். பதிவில் அது 40 நொடிதான் இருக்கிறது, சென்னையில் ஒருவரும் சிரிக்கவில்லை, எனக்கோ அதைவிட நல்ல இடம் அந்த 20 நிமிடத்தில் இல்லை என்று தோன்றியது. எட்டு வயதில், தேநீர்க்கடை வாசலில் பொறுக்கிய சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை வலது கையில் முழங்கைவரை சுற்றிக்கொண்டு, டார்ச் லைட் செல்லை நாக்கில் வைத்து ‘மின்சாரம்’ ஏற்றிக்கொண்டு, வீட்டு நடுவில் போய் உட்காருகிறீர்கள். உங்கள் அப்பத்தா உங்களைத் தாண்டிப் போகிறார். “இந்தப் பய எங்கடா போனான், காணமே” என்கிறார். உங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, வேலை செய்துவிட்டது! இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிறார்கள். ஐந்துக்குப் பதில் நான்கு. விளமீன் வறுவலைப் பங்கு வைக்கும்போது உங்கள் துண்டு தம்பியின் தட்டுக்குப் போகிறது. “இல்லாதவனுக்கு எதுக்கு மீனு?” தம்பி உங்கள் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவிச் சாப்பிடுகிறான். மாயமாக இருப்பதா, மீன் தின்பதா என்று எட்டு வயது மனம் தவிக்கிறது. கடைசியில் வெள்ளித்தாள் சுற்றிய கை மெல்ல நீண்டு தட்டை நோக்கிப் போகிறது, அப்பத்தா அலறுகிறார், “ஏ ஆத்தே, கை மட்டும் வருதுடீ!”

காமிக்ஸ் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவர் இந்தக் காட்சியில் சிரிக்காமல் இருக்க முடியாது. அப்பத்தா அந்தக் கதையைப் படித்தவரல்லர். ஆனால் பேரன் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தார், அதன் விதிப்படியே அவனை மடக்கினார். நீங்கள் இதை 40 நொடியில் ஓட்டிவிட்டு, அந்த இதழின் வரிசை எண்ணைச் சொல்லப் போய்விட்டீர்கள். இதற்கு ஆறு நிமிடம் கொடுக்கலாம். நடிக்கும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: அப்பத்தாவாக, அம்மாவாக, தம்பியாக மாறும்போது பையன் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை அடி இடத்தை உங்கள் கண் ஒரு முறைகூடத் தொடக்கூடாது. அதைச் சுற்றி நடங்கள், அதன்மேல் கையை நீட்டித் தண்ணீர்ச் செம்பை எடுங்கள், பார்க்க மட்டும் செய்யாதீர்கள். நடிகன் பார்க்க மறுக்கும் இடத்தைத்தான் சபை உற்றுப் பார்க்கும். இரண்டாவது நிமிடத்துக்குள் அங்கே ஒரு பையன் உட்கார்ந்திருப்பது பந்தல் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

கறுப்புத் திரை, கறுப்புச் சட்டை, கைமேல் மட்டும் விழும் விளக்கு என்று நீங்கள் திட்டமிட்டிருப்பது சென்னை அரங்குக்குச் சரி. கடற்கரை மைதானத்தில் இருட்டு கிடைக்காது. உயர்கோபுர விளக்கு ஒருபுறம், பெட்டிக்கடைக் குழல்விளக்குகள் மறுபுறம், பௌர்ணமியாக இருந்தால் அதுவும். மறைவதை விளக்கிடம் விடாமல் நடிப்பிலேயே செய்துவிட்டால் எந்த இடத்திலும் நடிக்கலாம். காமிக்ஸ் பக்கங்களைத் திரையில் காட்டும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பதிப்பாளரிடம் முறைப்படி அனுமதி கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். படம் வந்துவிட்டால் உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அம்மாவைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரி எழுதினீர்கள். நாடகத்தில் அது இல்லவே இல்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், பாறையும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் கையில் எதையோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பையன் வெள்ளித்தாளைச் சுற்றும் காட்சியில் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, வாயால் ஒரு முனையைக் கடித்து இழுத்துச் சுற்றுங்கள். நெடுநேரம் கழித்து, வேறொரு காட்சியில், விடியலில் அம்மா துணி சுற்றும்போது அதே வரிசையில், அதே வேகத்தில், அதேபோல் வாயால் கடித்து இழுத்துச் சுற்றுங்கள். ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். ‘உண்மையான இரும்புக்கை என் அம்மாவுடையது’ என்று நீங்கள் ஒரு வசனம் பேசினால் பெருங்கைதட்டு கிடைக்கும், நாடகம் அதோடு செத்துவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலருக்கு அதே கைதான். அவர்களுக்கு அதை விளக்க நாம் யார்?

முடிவைப் பற்றி. உங்கள் பிரதி, பழைய புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி ‘அந்த நாட்கள் இனி வராது’ என்று முடிகிறது. பழைய நாளுக்காக ஏங்குவதை ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்கிறார்களே, அது 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக வகுத்து, அதற்கு உண்டாக்கிய பெயர். நோய் என்று வைத்துக்கொண்டால் நடிகனுக்கு நல்லது. நோயாளி தன் நோயை இரசிக்கமாட்டான், அதோடு மல்லுக்கட்டுவான். மேடையில் ஏக்கத்தை இரசித்துக்கொண்டு நிற்பவரைப் பார்ப்பதைப்போல அலுப்பானது வேறில்லை.

இதில் நானும் தவறியவன். என் தனி நாடகம் ரூபவாகினியைப் பற்றியது. 1982இல் அந்த இலங்கைத் தொலைக்காட்சி தொடங்கியபின் எங்கள் கரையில் ஏரியல்கள் கிழக்கே திரும்பின; கார்ட்டூன் முயல் சிங்களத்தில் பேசியது; ஒரு சொல்லும் புரியாத நாங்கள் அதற்கு எங்கள் தமிழில் வசனம் கட்டிக்கொண்டோம். என் அம்மாச்சி முயலுக்கு மாமியார் குரல் கொடுப்பார். முதல் பிரதியில், கடைசிக் காலத்தில் நினைவு தப்பிய அம்மாச்சி என்னை யாரென்று தெரியாமல் பார்க்க, நான் முயலின் குரலில் பேசியதும் சிரிப்பதாக முடித்திருந்தேன். மூன்று ஊர்களில் கூட்டம் அழுதது. நான்காவது ஊரில் என் அக்கா பார்த்துவிட்டு, “அம்மாச்சி கடைசிவரைக்கும் ஒன்னய தெரியாம இருந்துச்சா? சாகுறதுக்கு மொத நாளு வரைக்கும் நீ குடுக்கவேண்டிய நானூறு ரூவாயக் கேட்டுச்சே” என்றார். அன்றே அந்த இறுதிக் காட்சியை நீக்கிவிட்டேன். இப்போது நாடகம் அந்த நானூறு ரூபாயில் முடிகிறது. அழுகை போயிற்று, ஆனால் வெளியே போகிறவர்கள் தங்கள் அம்மாச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள்.

மொழி குறித்து உங்களுக்கு இருக்கும் தயக்கம் தேவையற்றது. வீட்டார் அனைவரும் மண்டபத்துப் பேச்சிலேயே பேசட்டும். பையன் மட்டும் காமிக்ஸ் தமிழில் பேசட்டும்: “அசையாதீர்கள்! உங்கள் திட்டம் தவிடுபொடியாகிவிட்டது!” கருவாட்டைக் காயப்போடும் அப்பத்தாவிடம் ஒருவன் இப்படிப் பேசுவதற்கு நகைச்சுவை தனியாக எழுத வேண்டியதில்லை. டுமீல், சதக், கும் என்ற ஒலிகளை வாயாலேயே செய்யுங்கள், ஒலிப்பதிவு வேண்டாம். வளர வளர அந்தத் தமிழ் அவன் வாயிலிருந்து குறைந்துகொண்டே வந்து, சென்னை அலுவலகத்தில் முக்கால் ஆங்கிலமாகிவிட்டால், வயது கூடியதைச் சொல்ல வேறு உத்தியே தேவைப்படாது. பள்ளிப் போட்டிகளில் பழகிய மோனோ ஆக்டிங் பாணி, அதாவது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குதி, ஒரு கத்தல், உங்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தயவுசெய்து உதறிவிடுங்கள்.

டிரம்ப் கார்டும் கார்ட்டூனும் இந்த நாடகத்தில் வேண்டாம். அவை இன்னொரு நாடகத்துக்கு ஆகும்.

எழுதியதைச் சோதிக்க, வலை பின்னுகிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பாம்பன் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த நான்கு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையாகவே சொன்னேன், நாடகம் என்று சொல்லவில்லை. அவர்கள் மரியாதைக்குச் சிரிக்கமாட்டார்கள். கையில் வேலை இருக்கிறது. வலை ஊசி ஓடிக்கொண்டிருந்த இடங்களையெல்லாம் பிறகு வெட்டினேன். ஊசி நின்ற இடங்கள் ஏழு, அவற்றை வைத்து மறுபடி கட்டினேன்.

காலம் நீங்கள் சொல்வதுபோல் தடைக்காலமே சிறந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் இருக்கும். ஆண்களுக்கு மாலையில் வேலை இருக்காது. ஆனால் கையில் காசும் இருக்காது, ஆகவே நுழைவுக்கட்டணம் வைக்காதீர்கள். மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் கச்சான் காற்று பிடித்துவிடும். ஒலிவாங்கியில் உங்கள் குரலைவிடக் காற்றின் இரைச்சல் பெரிதாகக் கேட்கும், வாயில் மணல் விழும். ஏப்ரல் கடைசி வாரம் நல்லது. பஞ்சு உறை போட்ட தலைமாட்டி ஒலிவாங்கி வாடகைக்குக் கிடைக்கும். கையில் பிடிக்கும் வகை வேண்டாம், உங்களுக்கு இரண்டு கைகளும் தேவை. பெண்கள் சமையலை முடித்து வர எட்டு மணி ஆகும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி இடமில்லை. நடுவில் கிடைக்கும் நேரம் தாராளம். முன்னால் பாயில் சிறுவர்கள்தான் உட்காருவார்கள். மேடையிலிருந்து ஒரு கேள்வி கேட்டீர்களானால், பதில் உண்மையிலேயே வரும், நிற்காது. கேள்விக்குறியில் முடியும் வாக்கியங்களைப் பிரதியில் தேடி மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், துணி சுற்றும் காட்சியை அம்மாவுக்கு வீட்டிலேயே நடித்துக் காட்டுங்கள். கூட்டத்தில் முதல்முறையாக அவர் அதைப் பார்க்கக் கூடாது. கட்டைவிரலில் தொடங்கமாட்டோம், சுண்டுவிரலில்தான் தொடங்குவோம் என்று அவர் திருத்தினால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளித்தாள் காட்சியையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். நாடகம் ஐந்து நிமிடம் குறையும், அவ்வளவுதான்.